அகலப் பாதக்காரருக்கு வெளிநாட்டில் சப்பாத்து: வன்னியிலிருந்து போனவர்களும் போகப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

நான் வட இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் வளர்ந்தவன். யேர்மனியில் பதினெட்டு ஆண்டுகளும் கனடாவில் ஏழு ஆண்டுகளும் வேலை செய்துவிட்டு இப்போது ஊரோடு வந்து இருக்கிறேன். என் இடப்பாதம் 296 மில்லிமீற்றர் நீளமும் 122 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. வலப்பாதம் அதைவிட ஐந்து மில்லிமீற்றர் கட்டை. இந்தக் காலுக்கு ஏற்ற சப்பாத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆனதால், வெளிநாடு புறப்படும் பிள்ளைகளும், பிள்ளைகளுக்காகப் பெற்றோரும், அங்கிருந்து தொலைபேசியில் உறவினரும் இது பற்றி என்னிடம் தொடர்ந்து கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் பாதம் ஏன் வெளிநாட்டுச் சப்பாத்துக்குள் அடங்குவதில்லை? வெறுங்காலோடு திரிந்து காலைப் பழுதாக்கிவிட்டோமா?

இல்லை. வயல் வரம்பிலும் குளக்கட்டிலும் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவரின் விரல்கள் இயல்பாக விரிந்து நிற்கும். இந்தியாவில் வெறுங்காலோடு நடக்கும் பழக்கமுள்ளவர்களின் பாதங்களை அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களின் பாதம் சப்பாத்து அணிந்து பழகியவர்களின் பாதத்தைவிட அகலமானது என்றும், நடக்கும்போது உடலின் பாரம் அதில் கூடுதல் சமமாகப் பரவுகிறது என்றும் காட்டியது. அதற்கு முன், 1992இல், 2300 இந்தியச் சிறுவர்களைப் பார்த்து எழுதப்பட்ட மருத்துவக் கட்டுரையில், தட்டைப் பாதம் சப்பாத்து அணிந்தவர்களில் 8.6 வீதமாகவும் அணியாதவர்களில் 2.8 வீதமாகவும் இருந்தது. பரம்பரை, உடல் எடை, வயது ஆகியவையும் பாதத்தின் அகலத்தைத் தீர்மானிக்கின்றன. கடைத்தட்டில் இருக்கும் சப்பாத்து வேறொரு பாதத்தின் அச்சில் செய்யப்பட்டது என்பதே உண்மை. உங்கள் காலில் பிழை எதுவுமில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வெட்கப்பட்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் எங்களில் அதிகம்.

அகலம் போதாவிட்டால் ஓர் அளவு பெரிதாக வாங்கினால் சரிதானே?

இந்த ஒரு பழக்கத்தை விட்டுவிடும்படி கேட்பதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன். ஐரோப்பிய அளவில் ஓர் இலக்கம் கூடினால் நீளம் 6.67 மில்லிமீற்றர், அதாவது ஒரு சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு, கூடுகிறது. ஆனால் அந்த ஓர் இலக்கத்துக்கு அகலம் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் கூடுவது அரிது. ஆகவே அகலத்தில் எட்டு மில்லிமீற்றர் தேவைப்படுகிறவர் நீளத்தை ஏற்றி அதைப் பெற முயன்றால், சப்பாத்தின் முனையில் ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் வெறுமையாகக் கிடக்கும்.

எனக்கு உரிய அளவு 47. நான் யேர்மனியில் முதல் ஆறு ஆண்டுகளும் 49 போட்டேன். பாதத்தின் மடிப்பு வேறோர் இடத்திலும் சப்பாத்தின் மடிப்பு வேறோர் இடத்திலும் இருந்ததால் ஒவ்வொரு அடியிலும் குதிக்கால் மேலே கழன்றது. அதைப் பிடித்து நிறுத்த விரல்களை மடக்கியே நடந்தேன். சமையலறையில் நின்று வேலை செய்த அந்த ஆண்டுகளில் சின்னவிரல்களில் ஆணி வந்தது, இரண்டாம் விரல் வளைந்தது, ஒரு நாள் படியிறங்கும்போது சப்பாத்தின் முனை தட்டி விழுந்து மணிக்கட்டும் முறிந்தது. பிறகு ஓர் எலும்பியல் சப்பாத்துக்காரர் என் பாதத்தை அளந்து, நீளம் சரியான, அகலம் கூடிய ஒரு சோடியைக் காலில் போட்டுவிட்டபோது, என் கால் இவ்வளவு காலமும் எதைச் சுமந்தது என்பதை அறிந்து நான் கலங்கிப் போனேன். நீளம் வேறு, அகலம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஊரில் இருந்தபடி பாதத்தைச் சரியாக அளப்பது எப்படி?

எங்கள் வீட்டில் அம்மா ஈர்க்கை எடுத்துக் குதிக்காலில் இருந்து பெருவிரல் வரை பிடித்து முறித்துத் தருவார். வவுனியாவுக்குப் போகிறவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்ச் செருப்பு வாங்கி வருவார். அன்புள்ள முறைதான், ஆனால் ஈர்க்கு நீளத்தை மட்டும் சொல்லும்.

பின்னேரம், நடந்து வேலை செய்து முடித்த பிறகு அளக்க வேண்டும். காலையில் இருப்பதைவிடப் பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும், சப்பாத்தும் அந்தக் காலைத்தான் தாங்க வேண்டும். சீமெந்து நிலத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாகப் போட்டு நின்று, இன்னொருவரைக் கொண்டு பென்சிலை நேராக நிமிர்த்திப் பிடித்துச் சுற்றி வரையச் செய்யுங்கள். பென்சில் உள்ளே சரிந்தால் பாதம் உண்மையைவிட ஒடுங்கிப் போகும். தாமே குனிந்து வரைந்தால் பாரம் மாறிவிடும் என்பதால் அதுவும் வேண்டாம். பிறகு குதிக்காலின் பின் விளிம்பில் இருந்து மிக நீண்ட விரலின் நுனி வரையும், பெருவிரல் அடி மூட்டில் இருந்து சின்னவிரல் அடி மூட்டு வரையும் அளந்து எழுதுங்கள். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம் என்பதைக் கவனியுங்கள். தையல் நாடா இருந்தால், நின்றபடியே அந்த மூட்டுகளைச் சுற்றிய சுற்றளவையும் எடுங்கள். பாதத்தின் உயரமும் அந்தச் சுற்றளவுக்குள் வந்துவிடுவதால், தாளில் தெரியாத ஒன்றை அது சொல்லும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். வாங்கும்போது பெரிய காலுக்கு ஏற்றபடி வாங்க வேண்டும்.

தாளைப் படம் பிடித்து வைபரிலோ வட்சப்பிலோ மட்டும் அனுப்பினால் அளவு தெரியாது. இலக்கங்களை மில்லிமீற்றரில் எழுதி அனுப்புங்கள், அல்லது தாளின் மேல் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், பழைய சப்பாத்துக் கடைகளில் பிரனொக் என்ற உலோக அளவுகோல் இருந்தால் அதில் ஒருமுறை கால் வைத்துப் பாருங்கள். 1920களில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் சார்ள்ஸ் பிரனொக் என்பவர் உருவாக்கிய அந்தக் கருவி நீளத்தையும் அகலத்தையும் மட்டுமன்றி, குதிக்காலில் இருந்து பெருவிரல் மூட்டு வரையான தூரத்தையும் காட்டும்.

பெட்டியில் உள்ள இலக்கங்களையும் எழுத்துகளையும் எப்படி வாசிப்பது?

பிரித்தானிய அளவில் ஒரு படி என்பது அங்குலத்தில் மூன்றில் ஒன்று, ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர். ஐரோப்பியப் படி 6.67 மில்லிமீற்றர். இரண்டு படிகளும் ஒன்றோடொன்று பொருந்தாததால்தான் மாற்று அட்டவணைகள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடுகின்றன. அமெரிக்க ஆண்கள் அளவு பிரித்தானிய அளவைவிடப் பொதுவாக ஒன்று கூடியதாக இருக்கும். இவற்றுள் நம்பத்தக்கது பாதத்தின் நீளத்தை மில்லிமீற்றரிலோ சென்ரிமீற்றரிலோ சொல்லும் இலக்கம். பல விளையாட்டுச் சப்பாத்துகளின் நாக்கில் அது சிறிய எழுத்தில் இருக்கிறது.

அகலம் ஆங்கில எழுத்துகளில் வரும். அமெரிக்க முறையில் ஆண்களுக்கு டி சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம், அரிதாக 6ஈ வரை உண்டு. பெண்களுக்குப் பி சாதாரணம், டி அகலம், 2ஈ மிக அகலம். பிரித்தானியாவின் கிளார்க்ஸ் நிறுவனத்தில் ஆண்களுக்கு ஜி சாதாரணம், எச் அகலம். பெண்களுக்கு டி சாதாரணம், ஈ அகலம், இரட்டை ஈ மிக அகலம். யேர்மனியிலும் சுவிஸிலும் எச் என்றால் அகலம், கே என்றால் அதைவிட அகலம். யப்பானிய முறையில் ஆண்களுக்கான 2ஈ சாதாரண அகலமாகவே விற்கப்படுகிறது. ஆகவே எழுத்தைப் பார்ப்பதற்கு முன் அது எந்த நாட்டு முறை, ஆணுக்கா பெண்ணுக்கா என்று பார்க்க வேண்டும்.

கடையில் கேட்பதற்குச் சொல்லும் வேண்டும். யேர்மன் மொழியில் அகலத்தை வைற்ற என்றும், பெரிய அளவுகளை ஊபர்குரோசன் என்றும் சொல்வார்கள். பிரான்ஸில் பியே லார்ஜ் என்று கேட்டால் அகலப் பாதத்துக்கான பகுதிக்கு அழைத்துச் செல்வார்கள். இந்தச் சொற்களை இணையத்தில் தேடும்போதும் பயன்படுத்தலாம்.

எந்தக் கம்பனிகளின் சப்பாத்துகளை முதலில் பார்க்க வேண்டும்?

நடப்பதற்கும் நாள் முழுவதும் நின்று வேலை செய்வதற்கும் நான் முதலில் பார்க்கச் சொல்வது நியூ பலன்ஸ். ஒரே மாதிரியைப் பல அகலங்களில் செய்வதை அவர்கள் நீண்ட காலமாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆண்களுக்கு 2ஈ, 4ஈ, சில மாதிரிகளில் 6ஈயும் கிடைக்கும். புரூக்ஸ் நிறுவனத்தின் பல ஓட்டச் சப்பாத்துகள் 2ஈயிலும் 4ஈயிலும் வருகின்றன. அமெரிக்காவின் புரோபெற் 5ஈ வரை செய்கிறது. பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு, நோர்தாம்ரன்சயரில் உள்ள டிபி வைடர் ஃபிற் நிறுவனமும் சோமசெற்றில் உள்ள கோசிஃபீற் நிறுவனமும் அகலக் காலுக்கென்றே தொழில் செய்கின்றன. யேர்மனியின் ஃபின் கம்ஃபோட் விலை கூடியது. ஆனால் உள்ளே இருக்கும் மெத்தையைக் கழற்றி மாற்றலாம், அடியும் மாற்றலாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

பேர்கன்ஸ்ரொக் செருப்பில் ஒரு சிறிய பாதப் படம் அச்சிடப்பட்டிருக்கும். வெளிக்கோடு மட்டும் உள்ள படம் சாதாரண, அகலமான பாதத்துக்கு. உள்ளே நிரப்பிய படம் ஒடுங்கிய பாதத்துக்கு. இதை அறியாமல் மலிவு விற்பனையில் ஒடுங்கியதை வாங்கி வந்து அந்தக் கம்பனியையே குறை சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

கூர்மையான முனையுள்ள இத்தாலியச் சப்பாத்துகளில் எங்கள் ஆட்களுக்கு ஆசை கூட. கலியாண வீட்டுக்கு ஒரு நாள் போடுவதற்கென்றாலும் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெண்களுக்கு 42க்கு மேல், அதுவும் அகலமாக, எங்கே கிடைக்கும்?

சாதாரணக் கடைகளில் பெண்களுக்கான தட்டு 41 அல்லது 42இல் முடிந்துவிடும். கர்ப்ப காலத்தில் பாதம் நீண்டு அகன்று, பிள்ளை பிறந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாமல் இருப்பது பல தாய்மாருக்கு நடக்கிறது. அவர்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பழைய அளவையே போட்டு வருந்துகிறார்கள். ஆண்களின் விளையாட்டுச் சப்பாத்து இதற்கு நல்ல வழி. அமெரிக்கப் பெண்கள் அளவில் இருந்து ஒன்றரையைக் கழித்தால் ஆண்கள் அளவு வரும். ஆண்களுக்கான சாதாரண அகலமே பெண்களுக்கான அகல வகைக்குச் சமம், ஆண்களுக்கான 2ஈ அதையும் தாண்டியது. மற்ற வகைச் செருப்புகளுக்கு முன் பகுதியில் திறப்பு ஆழமாக வெட்டப்படாத, பட்டியை இழுத்து ஒட்டக்கூடிய வகையைத் தேடுங்கள்.

தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் தருகிற பாதுகாப்புச் சப்பாத்து விரலை நசுக்குகிறது. என்ன செய்வது?

இதை உடனே கவனிக்க வேண்டும், ஏனெனில் முனையில் உள்ள உலோகத் தொப்பி எத்தனை மாதம் போட்டாலும் இளகாது. ஐரோப்பாவில் இவை ஈஎன் ஐஎஸ்ஓ 20345 என்ற தரத்தின்படி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். கனடாவில் பல வேலைத்தலங்களில் பச்சை முக்கோண அடையாளம் இருக்க வேண்டும். அந்தத் தரங்களுக்குள்ளேயே அகலமான சப்பாத்துகள் செய்யப்படுகின்றன. யேர்மனியின் அற்லஸ் நிறுவனம் ஒரே சப்பாத்தை 10, 12, 13, 14 என்று நான்கு அகலங்களில் தருகிறது. மேற்பார்வையாளரிடம் அளவைத் தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வேலைக்குப் புதிது, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்த ஒரு தம்பியின் பெருவிரல் நகம் இரண்டு முறை கழன்றது.

குளிர்காலத்துக்கு எப்படி வாங்குவது?

தடித்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு அளந்து, அதே காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். இறுக்கமான சப்பாத்து இரத்த ஓட்டத்தைக் குறைத்து, காலுக்கும் சப்பாத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய சூடான காற்றையும் வெளியே தள்ளிவிடுவதால், விலை கூடிய சப்பாத்துக்குள்ளும் கால் விறைக்கும். இரண்டு காலுறை போட்டுச் சமாளிக்கப் பார்த்தால் நிலைமை மோசமாகும்.

இணையத்தில் வாங்குவது பாதுகாப்பானதா?

அகலச் சப்பாத்து தேடுகிறவருக்கு வேறு வழி பெரும்பாலும் இல்லை. ஆகவே திருப்பி அனுப்பும் உரிமையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் இணையத்தில் வாங்கியதைப் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பச் சட்டம் இடம் தருகிறது. சுவிஸில் அப்படியான பொதுச் சட்டம் இல்லை. கடை தானாக அறிவித்தால் மட்டுமே உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் கடையின் நிபந்தனையை வாசிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் வரியும் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 யூலையில் இருந்து எந்தச் சிறிய பொதிக்கும் பெறுமதி சேர் வரி உண்டு. பாதணிக்கான சுங்க வரி 17 வீதம் வரை போகும். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின் லண்டனில் இருந்து பாரிசுக்கு வரும் பொதியும் இதற்குள் அடங்கும். இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால், பாரிசின் லாச்சப்பலில் இருக்கும் ஒருவருக்கு யேர்மனியக் கடையே மலிவாக இருக்கலாம்.

சப்பாத்து வந்ததும் வீட்டுக்குள், விரிப்பின் மேல், பின்னேரத்தில் நடந்து பாருங்கள். உள்மெத்தையை வெளியே எடுத்து அதன் மேல் நில்லுங்கள். பாதத்தின் ஓரம் மெத்தைக்கு வெளியே தொங்கினால் அந்தச் சப்பாத்து உங்களுடையதல்ல. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர் என்ன கவனிக்க வேண்டும்?

நரம்பு மரத்துப் போனவருக்குச் சப்பாத்து இறுக்குவது தெரியாது. தெரியாமல் வருகிற ஒரு சிறு புண்தான் பிறகு காலை எடுக்கும் நிலை வரை கொண்டு போகிறது. இறுக்கமாக இருந்தால்தான் சப்பாத்துப் போட்ட உணர்வே வருகிறது என்று ஒருவர் சொன்னால், அவரை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலோன் இழையால் அங்கே சோதிப்பார்கள். பிரித்தானியாவில் சீனி வருத்தக்காரருக்கு ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை உண்டு. அமெரிக்காவில் மெடிகெயர் என்ற அரச மருத்துவக் காப்புறுதி உள்ள, தகுதி பெற்ற நோயாளிக்கு ஆண்டுக்கு ஒரு சோடி ஆழமான சப்பாத்தும் மூன்று சோடி உள்மெத்தையும் பெற வழியுண்டு. யேர்மனியில் மருத்துவரின் கடிதம் இருந்தால் எலும்பியல் சப்பாத்துக்காரர் காலுக்கு அச்செடுத்தே செய்து தருவார். செலவில் ஒரு பகுதியை மட்டும் நீங்கள் கட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் இவற்றைக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை. சப்பாத்தைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். ஊருக்கு வரும்போது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால், வெயில் ஏறிய மணலில் வெறுங்காலோடு நடக்காமல் விடியவோ இருண்ட பிறகோ போய் வாருங்கள்.

போரில் காயப்பட்ட காலுக்கும் செயற்கைக் காலுக்கும் சப்பாத்து எப்படித் தேடுவது?

வன்னியில் இந்தக் கேள்வி இல்லாத ஊர் இல்லை. எங்களில் பலர் அணியும் ஜெய்ப்பூர்க் கால் 1968இல் இந்தியாவில் உருவாக்கப்பட்டது. வெறுங்காலோடு நடக்கவும் குந்தியிருக்கவும் வயலில் இறங்கவும் ஏற்றதாக அதை அமைத்தார்கள். அந்தப் பாதத்தோடு வெளிநாடு போகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. செயற்கைக் கால், சப்பாத்தின் குதி உயரத்தைக் கணக்கில் எடுத்தே நிமிர்த்தப்படுகிறது. ஆகவே குதி உயர்ந்த சப்பாத்தைப் புதிதாகப் போட்டால் முழங்கால் முன்னே தள்ளப்பட்டு நடை கெடும். சப்பாத்தை மாற்றுவதாயின் பழையதன் குதி உயரத்தை அளந்து அதே உயரத்தில் வாங்குங்கள், அல்லது கால் செய்து தருபவரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள். விறைப்பான பாதத்தை உள்ளே நுழைப்பதற்கு, முனை வரை திறக்கும் சப்பாத்து வசதியானது.

சிதறு துண்டுகளால் ஒரு கால் வீங்கியோ விரல் இழந்தோ இருப்பவருக்கு இரண்டு காலுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படும். அமெரிக்காவின் நோர்ட்ஸ்ரொம் கடைகளில் வித்தியாசம் குறைந்தது ஒன்றரை அளவாக இருந்தால் ஒரு சோடி விலைக்கே பிரித்துத் தரும் வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் பெரிய காலுக்கு வாங்கி, சிறிய காலுக்கு உள்மெத்தை இட்டு நிரப்பச் சொல்கிறேன். இரண்டு சோடி வாங்கி மிச்சம் வந்த ஒற்றைச் சப்பாத்துகளை எறிய வேண்டாம். இங்கே ஒற்றைக் காலோடு இருப்பவருக்கு அவை பயன்படும்.

இறுக்கமான சப்பாத்தைக் கடையில் விரிக்க முடியுமா?

தோல் என்றால் ஓரளவு முடியும், செயற்கைத் துணியோ றெக்சினோ என்றால் முடியாது. நீளத்தை ஒருபோதும் கூட்ட முடியாது. ஒரு குறிப்பிட்ட மூட்டு மட்டும் உரசுகிறதாயின், அந்த இடத்தைக் கவ்வி இழுக்கும் குறடு திருத்துபவரிடம் இருக்கும். நாடாவை விரல் பக்கத்துத் துளைகளில் கோக்காமல் விட்டாலும் சற்று இடம் கிடைக்கும்.

வருகிறவர்களிடம் அனுப்பினால், ஊரில் வைத்துப் போடலாமா?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நான் தேடிய கடைகளில் என் காலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும் மருமகனிடம்தான் நானும் சொல்லி விடுகிறேன். பொருந்தியது கிடைத்த மகிழ்ச்சியில் ஐந்து சோடி வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். பொலியூரிதேன் என்ற பொருளால் செய்த அடி, போடாமல் பெட்டிக்குள் இருந்தாலும் எங்கள் வெக்கையிலும் ஈரப்பதனிலும் மெல்ல மெல்லச் சிதைந்து, சில ஆண்டுகளில் நடக்கும்போதே துண்டு துண்டாக உதிரும். நான் 2016இல் கொண்டுவந்து அலுமாரியில் காத்து வைத்த ஒரு சோடி, முறிகண்டியில் வாகனத்தை விட்டு இறங்கிப் பத்து அடி நடப்பதற்குள் அடி பிரிந்து போனது. இரண்டு சோடி போதும். இரண்டையும் மாறி மாறிப் போடுங்கள். மழைக்காலத்தில் நனைந்தால் உள்ளே பழைய பத்திரிகைத் தாளை அடைத்து நிழலில் காய விடுங்கள். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தையும் அகல எழுத்தையும் படம் எடுத்து வைத்திருந்தால், அடுத்த முறை மருமகன் எந்தக் கடையிலும் அதையே காட்டிக் கேட்கலாம்.